‘வராது’ என்னும் தீர்ப்பு

‘இவனுக்குக் கணக்கு வரவில்லை’ என்பதற்கும் ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்பதற்கும் எழுத்தளவில் உள்ள வேறுபாடு சிறிது. முன்னது இதுவரை நிகழ்ந்ததைக் கூறும் சாட்சி. பின்னது இனி நிகழப் போவதைக் குறித்த தீர்ப்பு. சாட்சி சொல்வதற்குக் கண்ணும் நேர்மையும் போதும். தீர்ப்பு வழங்குவதற்கோ அதிகாரமும் முழுமையான அறிவும் வேண்டும். ஆயினும், மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடும் அந்தச் சில நொடிகளுக்குள் முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வாக்கியத்திற்கு நாம் எவ்வளவு எளிதாகத் தாவிவிடுகிறோம்!

ஒரு பிள்ளையின் எல்லை இதுதான் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வாறு சொல்லாதிருப்பது உண்மையை மறைப்பதாகாதா? இயலாத ஒன்றை இயலும் என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றுவது அன்பாகுமா? இவை கல்வித் துறையினருக்கு மட்டும் உரிய வினாக்கள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பெற்றவர், கற்பிப்பவர், மறைக்கல்வி சொல்லித் தருபவர், வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் ஆகிய அனைவரும் ஏதோ ஒரு நாளில் இன்னொருவருடைய எல்லையைக் கணிக்கும் இடத்தில் நிற்கிறோம்.

இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1905ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே என்னும் உளவியலறிஞர், தியோடோர் சிமோன் என்பவரோடு சேர்ந்து அறிவுத்திறனை அளக்கும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். வகுப்பில் பின்தங்கும் சிறுவரை இனங்கண்டு அவர்களுக்குச் சிறப்புக் கல்வி அளிப்பதே அதன் நோக்கம். ஒருவருடைய அறிவுத்திறன் மாறாத ஓர் அளவு என்று கருதுவோரைப் பினே 1909ஆம் ஆண்டிலேயே வன்மையாகக் கண்டித்தார். எனினும் அவ்வளவுகோல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குச் சென்றபோது அதன் பணி மாறியது. உதவி தேவைப்படுவோரைக் காணப் பிறந்த கருவி, யார் எந்த வகுப்பில் அமர வேண்டும், யாருக்கு எந்தப் படிப்பு போதும் என்று பிரித்து வைக்கும் கருவியாயிற்று. சாட்சியாக வந்தது தீர்ப்பாக உயர்ந்துவிட்டது.

அத்தீர்ப்பின் மீது பெரும் ஐயத்தை எழுப்பியது 1968ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூல். ராபர்ட் ரோசெந்தால் என்னும் உளவியலறிஞரும் லெனோர் ஜேக்கப்சன் என்னும் பள்ளித் தலைமையாசிரியரும் கலிபோர்னியா மாநிலத்தின் தென் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த ஆய்வு அது. பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வரும் ஆண்டில் வியத்தகு முன்னேற்றம் காண்பர் என்று தேர்வு காட்டுவதாக ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அப்பெயர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில், முதல் வகுப்பில் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 27 புள்ளிகள் உயர்ந்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு 12 புள்ளிகள்.

இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. அதே வேகத்தில் மறுக்கவும்பட்டது. மறுப்புகளில் உண்மை இருந்தது. மேல்வகுப்புகளில் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. பயன்படுத்திய தேர்வே சிறு குழந்தைகளுக்குப் பொருத்தமற்றது என்று அறிஞர் சிலர் சுட்டினர். ஆசிரியருக்கு மாணவரை ஓரிரு வாரம் முன்னரே தெரிந்திருந்தால், வெளியார் சொல்லும் பொய்யான கணிப்பு பலிப்பதில்லை என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீபன் ராடன்புஷ் 1984ஆம் ஆண்டு காட்டினார். ஆசிரியரின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது; அது பிள்ளையை மாற்றும் அளவு பொதுவாகச் சிறிதே; ஆயினும் சமூகத்தில் இழிவாகக் கருதப்படும் பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளிடம் அது பெரிதாக இருக்கக்கூடும் என்று லீ ஜஸ்ஸிம், கென்ட் ஹார்பர் ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டு எழுதினர். ‘நம்பினால் போதும், பிள்ளை உயர்ந்துவிடும்’ என்று மேடையில் முழங்குவோர் இவற்றையும் அறிந்திருத்தல் நலம்.

அப்படியானால் எதிர்பார்ப்புக்கு ஆற்றல் இல்லையா? இவ்விடத்தில்தான் ரோனா வெயின்ஸ்டீன் என்னும் பெண்மணியின் உழைப்பு நமக்கு வழிகாட்டுகிறது. பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர் ஒரு சமுதாய உளவியலறிஞர். 1965ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சுவாம்ஸ்காட் என்னும் ஊரில் கூடிய மாநாட்டில் உருப்பெற்ற துறை சமுதாய உளவியல். துன்புறும் மனிதரின் உள்ளத்தில் மட்டும் குறையைத் தேடாமல், அவர் வாழும் குடும்பம், பள்ளி, ஊர் ஆகியவற்றின் அமைப்பையும் அத்துறை ஆராய்கிறது. துன்பம் முற்றிய பின் மருந்து தேடுவதைவிட, அது விளையாதபடி சூழலை மாற்றுவதே மேல் என்பது அதன் கொள்கை.

வெயின்ஸ்டீன் கேட்ட வினா எளிமையானது. ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதை ஆசிரியரிடமே கேட்டு வந்தோமே. பிள்ளைகளைக் கேட்டால் என்ன? நன்றாகப் படிக்கும் ஒரு மாணவரையும் பின்தங்கும் ஒரு மாணவரையும் கற்பனை செய்துகொள்ளும்படி சொல்லி, ‘உங்கள் ஆசிரியர் இவரை எவ்வாறு நடத்துவார்? அவரை எவ்வாறு நடத்துவார்?’ என்று சிறுவரிடமே கேட்டார். பிள்ளைகள் தயங்கவில்லை. நன்றாகப் படிப்பவருக்குத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும் வாய்ப்பும் மிகுதி. பின்தங்கியவருக்குக் கண்டிப்பும், ‘இப்படிச் செய், அப்படிச் செய்யாதே’ என்னும் ஏவலும் மிகுதி என்றனர். ஆசிரியர் வாய் திறந்து ‘நீ மந்தமானவன்’ என்று சொல்ல வேண்டியதில்லை. யார் எந்தக் குழுவில் அமர்ந்து வாசிக்கிறார், யாரிடம் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருக்கிறார், யாருடைய தவறான விடையைத் திருத்தாமலேயே அடுத்தவரிடம் செல்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் திறந்த புத்தகம்.

அந்தக் காத்திருப்பைக் கடிகாரம் கொண்டு அளந்தவரும் உண்டு. மேரி பட் ரோ என்னும் அறிவியல் கல்வியாளர், ஆசிரியர் கேள்வி கேட்ட பின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்று 1970களில் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது, விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினர். நன்றாகப் படிப்பவர் என்று கருதப்பட்டோருக்காக ஆசிரியர் கூடுதலாகக் காத்திருந்ததையும், மற்றவருக்காகக் குறைவாகக் காத்திருந்ததையும் அவர் பதிவு செய்தார். யோசிக்க நேரம் மிகுதியாகத் தேவைப்படுபவருக்கே நேரம் குறைவாகக் கிடைத்தது! இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. விடை தெரியாமல் நிற்கும் பிள்ளை கூச்சப்படக் கூடாதே என்ற இரக்கமும் இருந்திருக்கலாம்.

வெயின்ஸ்டீனும் அவருடைய உடனாய்வாளர்களும் கண்ட இன்னொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. முதல் வகுப்புப் பிள்ளை, ஆசிரியர் காட்டும் வேற்றுமையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போலவே உணர்கிறது. ஆனால் அதைத் தன்னைப் பற்றிய கணிப்பாக அது இன்னும் ஏற்றுக்கொள்வதில்லை. ‘எனக்கு நன்றாக வரும்’ என்றே நம்புகிறது. ஐந்தாம் வகுப்பில் அந்த நம்பிக்கை கலைந்துவிடுகிறது. ஆசிரியர் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறாரோ அதையே பிள்ளையும் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது. பின்னர், கிளார்க் மக்கௌன் என்பவருடன் சேர்ந்து 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தம் இனத்தவரைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள இழிவான கருத்துகளை உணரும் தன்மை ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே விரைந்து வளர்கிறது என்றும் காட்டினார். வளரிளம் பருவத்தின் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. பிறர் தன்னைக் குறித்து எழுதிய தீர்ப்பை ஏற்கெனவே சுமந்து வருகிறது.

அவ்வாயிலுக்கு அப்பால் பள்ளி அப்பிள்ளைக்கு எதைத் தருகிறது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ஜாக்குலின் எக்கிள்ஸும் அவர்தம் குழுவினரும், வயதின் தேவைக்கும் பள்ளியின் அமைப்புக்கும் இடையே உள்ள முரணை விளக்கினர். தானே முடிவெடுக்க விரும்பும் வயதில், நடுநிலைப் பள்ளி கட்டுப்பாட்டைக் கூட்டுகிறது. வீட்டிற்கு வெளியே மதிக்கத்தக்க பெரியவர் ஒருவரின் துணையை நாடும் வயதில், பாடத்திற்கு ஓர் ஆசிரியர் என்று உறவுகளைத் துண்டாடுகிறது. பிறர் பார்வைக்கு அஞ்சிக் கூசும் வயதில், மதிப்பெண்ணையும் தரவரிசையையும் ஊரறியச் செய்கிறது. அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழைப் பிள்ளைகளை ஆராய்ந்த எட்வர்ட் சைட்மன் என்னும் சமுதாய உளவியலறிஞரும், புதிய பள்ளிக்கு மாறும் அக்காலத்தில் அவர்களுடைய தன்மதிப்பும் படிப்பும் சரிவதை 1994ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். இனமும் பாலும் எதுவாயினும் சரிவு பொதுவாகவே இருந்தது. ‘பருவக் கோளாறு’ என்று நாம் பெயரிட்டு அழைப்பவற்றுள் ஒரு பகுதி பள்ளிக் கோளாறாகவும் இருக்கக்கூடும்.

இவை அமெரிக்காவின் கதைகள்தாமே என்று எண்ணுவோர்க்கு நம் நாட்டு ஆய்வு ஒன்றும் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களைச் சேர்ந்த உயர்சாதி மாணவர் 321 பேரையும் தாழ்த்தப்பட்ட சாதி மாணவர் 321 பேரையும் கொண்டு செய்த ஆய்வு 2004ஆம் ஆண்டு உலக வங்கியின் வழியாக வெளிவந்தது. காகிதத்தில் வரைந்த சிக்கலான பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் பணம் உண்டு. சாதி எதுவும் குறிப்பிடப்படாத வேளையில் இரு பிரிவினருக்கும் இடையே திறமையில் வேறுபாடே இல்லை. ஒவ்வொருவருடைய சாதியையும் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்த பின் பெரும் இடைவெளி தோன்றியது. பரிசு பெறுவோரைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப் போவதாகச் சொன்னபோது அந்த இடைவெளி மறைந்தது. ‘என் உழைப்புக்கு நியாயம் கிடைக்காது’ என்று அச்சிறுவர் எதிர்பார்த்ததே அவர்கள் கையைத் தளரச் செய்தது என்பது ஆய்வாளர் முடிவு. அன்று காலையில் இருந்த அறிவுதான் அறிவித்த பின்னும் இருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்தது, அவ்வளவே.

இனி, நம் அறநெறி வினாவுக்குத் திரும்புவோம். ‘வராது’ என்று சொல்பவர் தம் கண்ணால் கண்ட சான்றைக் காட்டுகிறார். பல வேளைகளில் அச்சான்று பொய்யன்று. பிள்ளைக்கு உண்மையிலேயே கணக்கு வரவில்லை. ஆனால் அச்சான்று எவ்வாறு உருவாயிற்று? குறைவாகக் கேட்கப்பட்ட கேள்விகள், காத்திருக்காத நொடிகள், எளிதாக்கித் தரப்பட்ட பாடம், கடைசி வரிசை இருக்கை ஆகியவற்றின் ஊடாக அது சிறிது சிறிதாகச் சேர்ந்தது. அக்கணிப்பு சரியாக அமைவதற்கு நாமும் உழைத்திருக்கிறோம். வழக்கைத் தீர்ப்பவரே சாட்சியத்தையும் உண்டாக்குவது எந்த நீதிமன்றத்திலும் நீதியாகாது. வகுப்பறையில் மட்டும் அதை எவ்வாறு நீதி என்போம்?

ஆகவே, ‘நான் எந்தப் பிள்ளையையும் வெறுக்கவில்லை’ என்று சொல்லி நாம் நிம்மதி அடைந்துவிட இயலாது. எதிர்பார்ப்பு என்பது நம் மனத்துக்குள் மட்டும் இருக்கும் ஓர் எண்ணமன்று. அது அறையின் அமைப்பாக, நேரத்தின் பங்கீடாக, பாடத்தின் தரமாக வெளியே வந்துவிடுகிறது. மனத்தைத் தூய்மை செய்துவிட்டு அமைப்பை அப்படியே விட்டுவிட்டால், பிள்ளைக்குக் கிடைப்பது பழைய பங்குதான். வெயின்ஸ்டீனின் ஆய்வுகளில், எல்லாரையும் ஒரே மதிப்போடு நடத்துவதாகப் பிள்ளைகள் கூறிய வகுப்புகளும் இருந்தன. வேற்றுமை பாராட்டும் வகுப்புகளில் ஆசிரியரின் கணிப்பு பிள்ளைகளின் முன்னேற்றத்தை வலுவாகப் பிணைத்தது. வேற்றுமை பாராட்டாத வகுப்புகளில் அப்பிணைப்பு தளர்ந்திருந்தது. கணிப்பு இருவகை ஆசிரியரிடமும் இருந்தது. ஆனால் ஒருவர் அதை வகுப்பின் சட்டமாக்கினார், மற்றவர் ஆக்கவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இது பொய்யான புகழுரைக்கு வழி வகுக்கும் என்பது. உண்மையில் பொய்ப் புகழும் பிள்ளைக்கு எதிரான தீர்ப்பே. தோற்ற பிள்ளையிடம் ஆசிரியர் இரக்கம் காட்டினால் ‘எனக்குத் திறமை இல்லை’ என்று அது முடிவு செய்கிறது என்பதையும், சினம் காட்டினால் ‘நான் போதிய முயற்சி செய்யவில்லை’ என்று எண்ணுகிறது என்பதையும் சாண்ட்ரா கிரகாம் என்னும் உளவியலறிஞர் 1984ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். சினத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ‘பாவம், விட்டுவிடுங்கள்’ என்று நாம் பரிவோடு சொல்லும் சொல்லைப் பிள்ளை எவ்வாறு மொழிபெயர்த்துக்கொள்கிறது என்பதை அறிய வேண்டும். கடினமான பாடத்தைக் கையில் கொடுத்து, அதைக் கடக்கும்வரை பக்கத்தில் இருப்பதே மெய்யான மதிப்பு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. எதிர்பார்ப்பின் சுமையால் வாடும் பிள்ளைகளை நாம் காண்கிறோமே, இன்னும் எதிர்பார்க்கச் சொல்வது கொடுமையாகாதா என்பது. இங்கே ஒரே சொல் இரு பொருளைச் சுமக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை முந்த வேண்டும், நம் பெயரைக் காக்க வேண்டும் என்று நாம் கேட்பது கடன் வசூலிப்பது போன்றது. அதில் மையமாக இருப்பவர் நாம். பிள்ளை தன் நேற்றைய நிலையைக் கடந்து வளரும் என்று நம்பி, அதற்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் நாமே கொடுப்பது முதலீடு. அதில் மையமாக இருப்பது பிள்ளை. முன்னதில் சுமை முழுவதும் பிள்ளையின் தோளில். பின்னதில் பாதிச் சுமை நம் தோளில். நம் எதிர்பார்ப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்பினால், அது நம்மிடமிருந்து எதையாவது கேட்கிறதா என்று பார்த்தாலே போதும்.

அதற்கு ஆகும் செலவை வெயின்ஸ்டீன் மறைக்கவில்லை. உயர்நிலைப் பள்ளி ஒன்றில், தோல்வியின் விளிம்பில் நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவருக்காக அவரும் அப்பள்ளி ஆசிரியர்களும் கூடி உழைத்த முயற்சியின் பயன் 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. பாடத்தின் தரம், குழு அமைப்பு, மதிப்பிடும் முறை, மாணவரின் பொறுப்பு, பெற்றோருடன் உறவு என ஒவ்வொன்றையும் ஆசிரியர்கள் கூடிப் பேசி மாற்றினர். மதிப்பெண் உயர்ந்தது, ஒழுங்கு நடவடிக்கைகள் குறைந்தன, ஓராண்டு கழித்தும் அம்மாணவரில் மிகுதியானோர் பள்ளியில் நிலைத்திருந்தனர். ஆனால் உயர்ந்த மதிப்பெண் அவ்வாறு நிலைக்கவில்லை. மாற்றம் அந்த ஓராண்டு வகுப்புகளுக்குள் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டுப் பள்ளி பழையபடியே இருந்தது. 2005ஆம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகம் ஆஸ்பயர் என்னும் பள்ளி அமைப்புடன் சேர்ந்து ஓக்லாண்ட் நகரில் ஒரு பள்ளியையே தொடங்கியதும், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்ல விழையும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே கல்லூரிப் பாடங்களைத் திறந்துவிட்டதும் இப்படிப்பினையின் தொடர்ச்சி எனலாம். அப்பணியில் வெயின்ஸ்டீனும் பங்கேற்றார். அதன் வரலாறு 2016ஆம் ஆண்டு நூலாகவும் வந்தது. ஒரு பிள்ளையை நம்புவதற்கு ஒரு நொடி போதும். அந்நம்பிக்கைக்குச் சுவரும் கூரையும் எழுப்ப ஆண்டுகள் ஆகின்றன.

எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாம் வரும் என்று நாம் இங்கு வாதிடவில்லை. மனிதருக்கு எல்லைகள் உண்டு. எவர் எங்கே நின்றுவிடுவார் என்பதும் ஒருநாள் தெரிந்துவிடும். ஆனால் பதின்மூன்று வயதில் அது நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வதே பொய். அந்த வகையில் நோக்கினால், பிள்ளையின் எதிர்காலத்தைத் திறந்து வைப்பது வெறும் கருணை மட்டுமன்று. அது உண்மைக்கு நாம் செலுத்தும் மரியாதையும் ஆகும்.

அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் நம் கைக்கு வரும்போது, கண்டதைக் கண்டபடி சொல்வோம்: ‘கணக்கு வரவில்லை.’ அந்த வாக்கியம் அங்கேயே முடிந்துவிட வேண்டாம். அதன் பின்னே ஒரு வினாவைச் சேர்ப்போம்: ‘வருவதற்கு நாம் என்ன செய்தோம்?’ அவ்வினாவுக்கு நேர்மையாக விடை காணும் வரையில், ‘வராது’ என்னும் சொல்லை எடுக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.